கடைசியாக எழுதியது

நாகலூர் பக்கம் மூன்று எஸ்டேட்.
மூன்றிலும் எடை எழுத போன்,
மூன்று கம்பெனிகளின் மூன்று செயலி.
ஒன்று தேதியை முன்னால் வைக்கும், ஒன்று பெயரை.
ஒன்றில் வெள்ளச்சிக்குத் தமிழே கிடையாது,
பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் கட்டங்கள் நாலைந்து நிற்கும்.
திங்கள் இங்கே, செவ்வாய் அங்கே
காப்பிப்பழம் பறிக்கிறவளுக்கு
சனிக்கிழமைக் கூலி
ஒன்றையொன்று தெரியாத மூன்று சீட்டுகளில் வரும்.

நான் சூரமங்கலத்தில்
எவர்சில்வர் பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்து
ஒரு பொது வடிவம் எழுதிக்கொண்டிருந்தேன்.
யார், எந்த நாள், எவ்வளவு, எந்த போன்.
வரிக்கு ஒரு விவரம்,
எவரும் திறந்து படிக்கலாம்.
பூட்டு இல்லை, உரிமத்தொகை இல்லை.
“இதுக்கு ஓனர் யாரு?” என்றார் ஒரு செயலிக்காரர்.
லீ பஜாரில் மஞ்சள் நிறுக்கிறார்களே,
அந்தக் கிலோவுக்கு ஓனர் யார் என்றேன்.
சிரித்தார்.
அப்புறம் மூன்று மாதம் போனை எடுக்கவில்லை.

பறிப்பு தொடங்கிய பிறகுதான்
வேறு வழியில்லாமல் மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது.
அன்றைய எடையை போன்கள் மடியில் கட்டிக்கொண்டிருக்கும்.
இருட்டும் நேரத்தில் ஜீப் மலை இறங்கி
பதினோராம் கொண்டை ஊசி வளைவில் திரும்பினால்
கீழே சேலம் விளக்குகள்,
பைக்குள் நாலு கோடு சிக்னல்.
அங்கே செபஸ்தியான் வண்டியை ஓரங்கட்டி
ஒரு பீடி பற்றவைப்பார்.
அது முடிவதற்குள்
எல்லா போனும் பேசி முடித்திருக்க வேண்டும்.
ஆவணத்தில் வினாடி என்று எழுதியிருக்கிறேன்.
எனக்குத் தெரிந்த அளவு ஒரு பீடிதான்.

பதினெட்டாம் தேதி
வெள்ளச்சியின் முதல் மூட்டை முப்பது கிலோ.
எழுத்தர் லோகேஸ்வரி எழுதினாள்.
மேஸ்திரி சடையப்பனும் தன் போனில் எழுதிக்கொண்டார்.
இரண்டாம் மூட்டை வந்தது, பதினொன்று.
லோகேஸ்வரி நாற்பத்தொன்று என்று மாற்றினாள்.
மேஸ்திரி அதற்குள் அடுத்த சரிவுக்குப் போய்விட்டார்.

மேஸ்திரி போனில் கடிகாரம் அரைமணி முந்தி ஓடும்.
பேட்டரியைக் கழற்றி மாட்டியதிலிருந்து அப்படித்தான்.

வளைவில் இரண்டும் சந்தித்தன.
எது வைக்க, எது தள்ள?
என் ஏழாம் விதி சொன்னது:
கடைசியாக எழுதியதே நிற்கும்.
தூக்கம் கண்ணைச் சொருகிய ஒரு ராத்திரி
சின்னதாக இருக்கிறதே என்று
நான் சேர்த்த வரி.

முப்பது நின்றது.

ஆபீஸ் வாசலில் அவளிடம் விளக்கினேன்,
நேரமுத்திரை, முன்னது, பின்னது என்று
ஏதேதோ.
“எவன் கடைசியா எழுதினா எனக்கென்ன,
மூட்டை ரெண்டு” என்றாள்.
தூக்கி வைத்த தோள் அவளுடையது.

அன்றிரவே ஏழாம் விதியை அடித்தேன்.
இரண்டு போன் முரண்பட்டால்
இரண்டையும் வை.
ஆளைக் கூப்பிடு.

உதாரணம் ஒன்று வேண்டும் என்றார்கள்.
பெயர்: வெள்ளச்சி.
நாள்: பதினெட்டு.
எடை: முப்பது, மேஸ்திரி போன்.
எடை: நாற்பத்தொன்று, எழுத்தர் போன்.
முகம் தெரியாத ஊரில்
இந்த வடிவத்தைப் படிக்கும் நிரல் எழுதுகிற எவரும்
முதல் சோதனையாக
அவள் மூட்டைகளைத்தான் இறக்கி வைக்க வேண்டும்.
கட்டங்கள் வந்தால் தேர்வு தோல்வி.

பதினொரு கிலோவின் காசு இன்னும் வரவில்லை.
போன மாசக் கணக்கு மூடியாச்சாம்.
பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்,
நானும் எஸ்டேட்டில் கேட்கிறேன்.

நேற்று வளைவில் நானும் ஜீப்பில் இருந்தேன்.
பீடி முடிந்துவிட்டது.
பைக்குள் இன்னும் சளசளவென்று ஓயவில்லை,
இரண்டிரண்டாய் நிற்கும் வரிகள் ஏழோ எட்டோ.
செபஸ்தியான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
இரண்டாவதைப் பற்றவைத்தார்.